வாசல் தாண்டும் முன் ஒரு வாய் ரொட்டி

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய் பூருல் எங்கே என்று கேட்டால் ஒரு நொடி விழிப்பார்கள். பிறகு, "ஓ, எலியம்மாவா? கீழே இருப்பாங்க, போங்க" என்று நிலவறைப் படியைக் காட்டுவார்கள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்குக் கோபம் கிடையாது. "உங்களை மாதிரி பேராசிரியருங்களுக்கு அம்மாவா இருக்கிறதைவிட எலிக்கு அம்மாவா இருந்துட்டுப் போறேன். சோறு வெச்சா எலி குறை சொல்லாது" என்பாள். நாரின் மலைப்பக்கத்தில் பிறந்தவள். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வாயை அடக்கு என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நிலவறையில் சுவரோரமாகக் கம்பிக் கூண்டுகள், அவற்றில் வெள்ளை எலிகள். மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி கழுவுவது, தீனி வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. சோதனை நாளன்று விடிந்ததும் தீனியை எடுத்துவிட வேண்டும். எலிகள் வெறும் வயிற்றோடு கிடக்கும். மதியத்துக்குக் கூண்டுகளை மேலே சோதனை அறைக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே வால் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்ப்பார்கள். தீனியை எடு என்றால் பூருல் தீனியை மட்டும் எடுக்க மாட்டாள். எங்கேயாவது ஒரு தூள் ஒளிந்திருந்தால் எலி மோந்து பிடித்துவிடும் என்று மரத்தூளையே கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுவாள். அவ்வளவு சுத்தம் பார்க்கிறவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவள் இந்த வேலைக்கு வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். நல்ல கதை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் அவளுக்கு சமத் என்று ஒரு மகன் இருந்தான். சிறுவன். ஒரு குளிர்காலத்தில் பையன் திடீரென்று வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான், இளைத்துத் துரும்பாகிப் போனான், வாந்தி எடுத்தான். ஊர் வைத்திய உதவியாளர் வந்து வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். பையனின் மூச்சில் அழுகின ஆப்பிள் வாசனை அடித்தது. "உக்கிராண அறையில புகுந்து திருடித் தின்னியாடா?" என்று பூருல் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "இல்லம்மா" என்றான். அவள் நம்பவில்லை. அது சர்க்கரை நோய் முற்றிய மூச்சு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் நினைவு தப்பியது. ஆம்புலன்ஸ் வந்தது. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து பையன் திரும்பவில்லை.

எங்கள் கிர்கிஸ் வீடுகளில் வாசல் தாண்டுகிறவர் யாரானாலும் ரொட்டியை வாயில் படவைக்காமல் போகக் கூடாது. உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியானாலும் சரி, விருந்து தின்று ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தவரானாலும் சரி, ஒரு துணுக்கு பிய்த்து வாயில் போட்டாக வேண்டும். அதைச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை. வாயில் பட்டது, அவ்வளவுதான். பட்டாளத்துக்குப் போகிற பையன் ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தைச் சுவரில் மாட்டி வைப்பார்கள், அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும் என்று. அன்றைக்கு ஓடின ஓட்டத்தில் சமத்தின் வாயில் பூருல் ரொட்டி வைக்க மறந்துபோனாள். அவள் கணக்கில் மகனைக் கொன்றது நோயும் இல்லை, அந்த அரைகுறை வைத்திய உதவியாளரும் இல்லை. வாயில் படாத அந்த ரொட்டிதான். அது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். முடிந்தால் நீங்கள் போய் அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

அதன்பிறகு புருஷன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். பூருல் மகள் பெகாயிமை இழுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் மாடிப்படி துடைக்கிற வேலை கிடைத்தது. ஒருநாள் படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பெரிஸாத் என்கிற ஆராய்ச்சியாளர் மாணவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டு போனது காதில் விழுந்தது. கணையம், சர்க்கரை, குழந்தைகள். பூருல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வழியை மறித்தாள்.

"தங்கச்சி, இப்ப சொன்னியே, அது என்ன வியாதி? ஏன் வருது?"

பெரிஸாத் இளையவள், ஒல்லி, மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். ஆனால் அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "நம்ம உடம்புக்குக் காவல் காக்கிற அணுக்கள் இருக்குல்ல அக்கா, சில பிள்ளைங்களுக்கு அதுங்க புத்தி கெட்டுப்போய் சொந்த வீட்டையே கொளுத்துதுங்க. கணையத்துல அழற்சி, ஒரே புகைச்சல். சர்க்கரையை அடக்கி வைக்கிற அணுக்களெல்லாம் எரிஞ்சு போயிடுது."

"காவக்காரனே கொளுத்துறானா?"

"ஆமா."

"அவனை அடக்க மருந்து இருக்கா?"

"எலிகிட்ட தேடிக்கிட்டிருக்கோம்."

மறுவாரமே பூருல் நச்சரித்து நச்சரித்து நிலவறை வேலையை வாங்கிக்கொண்டாள். அந்த நோய் வரவே பிறந்த எலிகள் அங்கே இருந்தன. காவல் அணுக்களைச் சாந்தப்படுத்துகிற மருந்து ஒன்றை அவற்றில் பாதிக்குப் போட்டார்கள், பாதிக்குப் போடவில்லை. மருந்து போட்டவற்றுக்குச் சர்க்கரை ஏறாமல் இருந்தால் ஜெயித்த மாதிரி. "கண்ணுங்களா, ஏத்திராதீங்கடி" என்று கூண்டு கூண்டாகக் கெஞ்சிக்கொண்டே தீனி வைப்பாள் பூருல். கொதிகலன் பார்க்கிற டெமிர்குல், அந்த நிலவறையின் சூட்டுக்குழாய் ஓரத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு தின்கிறவர், அதைக் கேட்டுச் சிரிப்பார். "எலிகிட்ட வேண்டிக்கிற ஒரே பொம்பளை நீதான்" என்பார்.

"உங்ககிட்ட வேண்டி என்ன பிரயோஜனம் அண்ணே? குழாயில சூடே வரமாட்டேங்குது."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, பெகாயிம் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும் வரைக்கும்.

பூருல் முதலில் பார்க்காத மாதிரி இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மகள் குழாயடியில் வாயை வைத்துக் குடிப்பாள். சாப்பிட உட்கார்ந்து நடுவில் எழுந்து போய்க் குடிப்பாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். ஊக்கைப் பார்த்ததும் பூருலால் அதற்குமேல் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. மகளை இழுத்து மூச்சை மோந்து பார்த்தாள். "என்னம்மா பண்ற?" என்றாள் அவள். ஆப்பிள் வாசனை இல்லை. அந்த ஒரு நிம்மதியைப் பிடித்துக்கொண்டு மறுநாளே குழந்தைகள் வைத்தியசாலைக்கு ஓடினாள்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் மகளுக்கு ஒரு வாய் தேநீர்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் மட்டும், செருப்பு மாட்டும்போது, ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். "எதுவும் சாப்பிடலையே?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். சர்க்கரை ஒன்பது காட்டியது; எங்கள் ஊர் அளவில் ஆறைத் தாண்டக் கூடாது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வெறும் வயிற்றில் இது அதிகம், இன்னொரு தடவை பார்த்துவிடலாம், அப்போதும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

பூருல் நேரே பெரிஸாத்திடம் போய் நின்றாள். "தங்கச்சி, அந்த மருந்தை என் பொண்ணுக்குப் போடு."

"அக்கா, அது மனுஷருக்கு வர இன்னும்..."

"எனக்குக் கதை வேண்டாம். எலிக்கு வேலை செஞ்சா என் பொண்ணுக்குச் செய்யாதா? இல்ல, கேக்கிறேன்."

"முதல்ல எலிக்கு வேலை செய்யட்டும் அக்கா" என்றாள் பெரிஸாத். வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் சொன்ன வார்த்தை. பூருல் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

எலிக்கு வேலை செய்யவில்லை. மருந்து போட்ட கூண்டிலும் சர்க்கரை ஏறியிருந்தது, போடாத கூண்டிலும் ஏறியிருந்தது. வெளிநாட்டுக் கூட்டாளிகள் கணினித் திரையில் வந்து, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பெரிஸாத் நிலவறைக்கு இறங்கி வந்து, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "வெறும் வயித்துல இருக்கிற எலிக்குச் சர்க்கரை எங்கிருந்துக்கா வரும்? வானத்துல இருந்தா கொட்டுது?" அழுகிறவளைத் தேற்றவா, தன் மகளை நினைத்துத் தானும் அழவா? பூருல் அப்படியே கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை பெரிஸாத் ஒரு எலியை அறுத்துக் கணையத்தை எடுக்கப் போனாள். வயிற்றில் கத்தி பட்டதும் உள்ளேயிருந்து வெள்ளையாக, பிசைந்த மாவு மாதிரி வந்தது. ரொட்டி.

படி அதிர இறங்கி வந்தாள். டெமிர்குல் குழாய் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நீங்கதானா? நீங்கதானா அண்ணே? இத்தனை வருஷ வேலை!"

"என்னம்மா நான்?"

"எலிக்கு ரொட்டி போட்டது!"

"நான் எலிக்குப் பரிமாறுற ஆளா? என் பொண்டாட்டி எனக்கே அளந்துதான் கட்டிக் குடுக்கிறா" என்றார் அவர். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரிஸாத், "இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது. மேலிடத்துல சொல்லி உங்களை..." என்று கத்தினாள். மனுஷர் கையில் பிடித்த ரொட்டியோடு எழுந்து நின்றார். கிழவர் கண்ணில் தண்ணீர் திரண்டுவிட்டது.

பூருலின் மேலங்கிப் பையில் அன்றைக்கும் ரொட்டி இருந்தது. ஒரு நொடி பேசாமல் இருந்தாள். அந்த ஒரு நொடியை நான் மறைக்க மாட்டேன்: வேலை போனால் மருந்துக்குப் பக்கத்தில் இருக்க முடியாதே என்றுதான் நினைத்தாள். பிறகு துண்டை எடுத்துக் காட்டினாள்.

"அவர் இல்ல தங்கச்சி. நான்."

பெரிஸாத்துக்குப் புரியவே இல்லை. "தீனியை நீங்கதானே எடுத்தீங்க?"

"எடுத்தேன். சுத்தமா எடுத்தேன். மேல தூக்கிட்டுப் போகும்போது வாசல்ல ஆளுக்கு ஒரு துணுக்கு வெச்சேன். வாசல் தாண்டுதுங்க இல்ல? சிலது திரும்பி வர்றதில்ல. வாயில ஒண்ணும் படாம எப்படி அனுப்புவேன்? ஒரு துணுக்குதானே, அது சாப்பாடாடி?"

"உங்களுக்குத் துணுக்கு! எலியோட எடை என்னன்னு தெரியுமா? நீங்களும் நானும் உக்காந்து ஆளுக்கொரு முழு ரொட்டியைத் தின்னதுக்குச் சமம் அது. அதான் சர்க்கரை ஏறிக் கிடக்கு! கடவுளே, அதான் ஏறிக் கிடக்கு!" பெரிஸாத் தலையில் அடித்துக்கொண்டாள். டெமிர்குல் மெதுவாக உட்கார்ந்து, மிச்ச ரொட்டியைத் தின்னலாமா கூடாதா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பூருல் வசவுக்குக் காத்திருந்தாள். திடீரென்று அவள் முகம் மாறியது.

"அப்போ... ரொட்டியாலதான் ஏறிச்சு?"

"பின்ன?"

"தங்கச்சி, பெகாயிமுக்கும் வாசல்ல வெச்சேன்டி! டாக்டர்கிட்ட போன அன்னிக்கு! நானே வெச்சேன், இந்தக் கையால!" பெரிஸாத்தின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்த ஒன்பது பொய்! ரொட்டியோட ஒன்பது அது! என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல!"

ஒரு வாய் ரொட்டி ஒரு பெண் பிள்ளைக்கு அவ்வளவு ஏற்றாது என்று பெரிஸாத்துக்குத் தெரியும். குழாயடித் தண்ணீரையும் பாவாடை ஊக்கையும் ரொட்டி செய்யாது என்றும் தெரியும். சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். "வெள்ளிக்கிழமை காலையில இங்க கூட்டிட்டு வாங்க அக்கா. எலிங்களையும் மறுபடி பாக்கப் போறேன். அவளுக்கும் நானே பாத்துச் சொல்றேன். அப்புறம் டாக்டர்கிட்ட போங்க" என்றாள். டெமிர்குலிடம் திரும்பி, "மன்னிச்சிடுங்க அண்ணே" என்றாள். "விடும்மா, என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத, எலிக்குப் போட்டேன்னு நினைச்சா அதையும் நிறுத்திடுவா" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பெகாயிம் செருப்பை மாட்டிக்கொண்டு, பழக்கம்போல வாயைத் திறந்தபடி வாசலில் நின்றாள். ரொட்டி மேசைமேல் துணிக்கடியில் இருந்தது. பூருல் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மா, ரொட்டி?"

"இன்னிக்கு வேண்டாம். வா."

"ஏம்மா?"

"வேண்டாம்னா வேண்டாம்டி. கதவைச் சாத்து."

பெண் நகரவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்: "அண்ணன் இப்படித்தானேம்மா போனான்?"

பூருலின் கை தானாக மேசைப்பக்கம் போனது, துணியைத் தொட்டது, ரொட்டியின் ஓரத்தைப் பிடித்தது. அப்புறம் பிய்க்காமல் முழு ரொட்டியையும் பைக்குள் திணித்துக்கொண்டாள். "அங்க பாத்து முடிச்சதும் தர்றேன். முழுசா தர்றேன்" என்று மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நிலக்கரிப் புகை மூட்டம். பஸ்ஸில் வழிநெடுக, தான் செய்தது சரியா, இன்னொரு பிள்ளையையும் வெறும் வாயோடு வாசல் தாண்ட விட்டுவிட்டோமா என்று வாய்க்குள்ளேயே புலம்பினாள்.

இந்தத் தடவை எலிகளும் வெறும் வாயோடுதான் மேலே போயின. பெரிஸாத் ஒவ்வொன்றாக வாலில் குத்திப் பார்த்தாள். மருந்து போடாதவற்றில் பாதிக்குமேல் சர்க்கரை எகிறி நின்றது. மருந்து போட்டவற்றுக்கு, ஒன்றுவிடாமல், இறங்கியிருந்தது. அவள் மறுபடி பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "வேலை செய்யுது! அக்கா, வேலை செய்யுது!" என்று கத்திக்கொண்டு பூருலைக் கட்டிப்பிடித்தாள்.

"நான்தான் சொன்னேனே!" பூருல் அவள் கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள். "ரொட்டிதான் எல்லாத்துக்கும் காரணம்! இப்ப இவளைப் பாரு. சீக்கிரம் பாரு."

பெகாயிம் விரலை நீட்டினாள். பெரிஸாத் புது ஊசி பிரித்து, மனுஷருக்கென்று கடையில் விற்கிற வேறொரு கருவியை எடுத்து, ஒரு சொட்டு வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

பதினான்கு.

பெரிஸாத் கருவியைக் கவிழ்த்துப் பிடித்தாள். பிரயோஜனமில்லை, பூருல் பார்த்துவிட்டாள். "இன்னொரு தடவை" என்றாள். பெரிஸாத் இன்னொரு விரலில் குத்தினாள். அதே பதினான்கு. "கை கழுவிட்டு வரச் சொல்லவா? வழியில ஏதாவது தொட்டிருப்பா" என்றாள் பூருல். பெரிஸாத் கருவியை அணைத்து மேசைமேல் வைத்தாள்.

"சரி. அந்த மருந்தைப் போடு. வேலை செய்யுதுன்னு நீதானே கட்டிப்பிடிச்சே."

"அக்கா, அது வீடு எரியறதுக்கு முன்னாடி போடுறது." பெரிஸாத் பெகாயிமின் விரலில் பஞ்சை வைத்து அழுத்தினாள். "இவளுக்கு எரிஞ்சிடுச்சு அக்கா. ஆனா இது சமத் இல்ல. நல்லவேளை இப்பவே கண்டுபிடிச்சோம். ஊசி இருக்கு, இன்சுலின் இருக்கு. ஆயுசுக்கும் போடணும், ஆனா பிள்ளை இருப்பா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நானும் வர்றேன்."

பூருல் கேட்டாளா இல்லையா தெரியாது. கூண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தேறிய எலிகள் மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்தன. அவள் பையில் ரொட்டி இருப்பது அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்களுக்கெல்லாம் மருந்து கிடைச்சிடுச்சு இல்ல?" என்றாள் எலிகளிடம்.

மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். பூருலின் கால் அங்கேயே நின்றுவிட்டது. பையைத் திறப்பாள், மூடுவாள். கொடுத்தால் சர்க்கரை ஏறும், கொடுக்காவிட்டால் பிள்ளை வெறும் வாயோடு ஆஸ்பத்திரிக்குப் போகும். பெரிஸாத்தைப் பார்த்தாள். படித்தவள், நீயே சொல்லு என்று கேட்கிற பார்வை.

"ஒரு வாய் குடுங்க அக்கா. இனிமே பரவாயில்ல" என்றாள் பெரிஸாத்.

அந்தப் 'பரவாயில்ல'யில்தான், இனிமேல் சோதித்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது புரிந்து, பூருல் உடைந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல், குமுறிக் குமுறி அழுதாள். பிறகு தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியை எடுத்துப் பிய்க்காமல் அப்படியே மகளிடம் நீட்டினாள்.

"கடி."

"பசிக்குதும்மா. முழுசும் தின்னட்டுமா?"

"வேண்டாம். ஒரு கடிதான். மிச்சத்தை வீட்டுச் சுவத்துல மாட்டி வைப்பேன். நீ வந்துதான் தின்னணும். கேட்டியா? நீதான் வந்து தின்னணும்."

"சரிம்மா" என்று பெகாயிம் பல் பதியக் கடித்தாள். பூருல் மிச்சத்தைத் தலைத்துணியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வாசலைத் தாண்டினாள்.